ஆக்சிஜன் 98 காட்டுச்சு, ரத்தம் 7.4 தான் இருந்துச்சு

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப்போட்டுட்டே இருந்தேன். போன வாரம் ஆபீஸ்ல கூட வேலை பாக்குற ஒரு பொண்ணு, "அக்கா, எப்ப பாரு அசதியாவே இருக்கு, படி ஏறினா மூச்சு வாங்குது, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, கொரோனா சமயத்துல வந்த பயம் எனக்கு இன்னும் போகலைன்னு நெனைக்கிறேன்"னு சொன்னா. எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. இதே வார்த்தைய ஒரு வருஷம் முழுக்க நான் எனக்கே சொல்லிட்டு இருந்தேன். என்னைச் சுத்தி இருந்தவங்களும் அதையே தான் சொன்னாங்க, "உனக்கு பயம்மா, வேற ஒண்ணும் இல்ல". பயம் இருந்தது நிஜம். ஆனா வேற ஒண்ணும் இருந்துச்சு.

எங்க வீடு நெற்குன்றம் பக்கம். சென்னைக்காரங்களுக்கு இது போதும், அப்படியே கோயம்பேடு காய்கறி மார்க்கெட் ஞாபகம் வந்துடும். 2020 மார்ச் கடைசியில ஊரடங்கு போட்டப்போ கூட எனக்கு அவ்வளவு பயம் இல்ல. ஏப்ரல் கடைசியில மார்க்கெட்லேர்ந்து பரவுதுன்னு செய்தி வந்துச்சு, மே 5ஆம் தேதி மார்க்கெட்ட மூடினாங்க, அதுக்கு அடுத்த வாரம் எங்க பின்னாடி தெருவுல ஒரு வீட்டு வாசல்ல தகரம் அடிச்சாங்க. அந்த தகரத்துல ஆணி அடிக்கிற சத்தம் எங்க சமையல்கட்டு வரைக்கும் கேட்டுச்சு. அன்னைக்கு ராத்திரி தான் எனக்கு முதல் தடவை தூக்கம் வரல. அந்த வீட்டு அக்காவ எனக்கு தெரியும், காய்கறி வாங்கப் போனது அவங்க தான், அவங்களால தான் வந்துச்சுன்னு தெருவே பேசுச்சு. எனக்கு நோய்மேல இருந்த பயத்த விட அந்தப் பேச்சு மேல இருந்த பயம் பெருசா இருந்துச்சுன்னு இப்ப தெரியுது. வீட்டுல மாமியாருக்கு 67 வயசு, சுகர். பையன் நாலாவது. வீட்டுக்காரர் வேலைக்கு தினமும் வெளிய போய்ட்டு வர்றவர். யாருக்கு வந்தாலும் "நீ ஒழுங்கா கழுவல"ன்னு தான் கடைசியில வந்து நிக்கும்னு மனசு சொல்லிட்டே இருந்துச்சு.

அதனால கழுவினேன். பால் பாக்கெட்ட சோப்பு போட்டு கழுவினேன், தக்காளிய மஞ்சள் உப்பு தண்ணியில ஊற வச்சேன், மளிகை சாமான மொட்டைமாடியில ரெண்டு நாள் வெயில்ல வச்சேன், இவர் வந்தா வாசல்லயே துணிய வாங்கி வெந்நீர்ல போட்டேன், கதவு தாழ்ப்பாள், சுவிட்சு, செல்போன், வண்டி சாவி எல்லாத்தையும் தொடச்சேன். வேலைக்கு வர்ற அக்காவ நிறுத்தியாச்சு, அந்த வேலையும் நானே. காலைல ஒன்பது மணிக்கு லேப்டாப்ப தொறந்தா அக்கவுண்ட்ஸ் வேலை, பக்கத்துலயே பையனுக்கு செல்போன்ல கிளாஸ், நடுவுல மாமியாருக்கு கஞ்சி, கபசுரக் குடிநீர், ஆவி பிடிக்க தண்ணி. சாயங்காலம் டிவியில அன்னைக்கு எத்தனை பேர், சென்னையில எத்தனை, இறந்தவங்க எத்தனைன்னு கணக்கு சொல்லுவாங்க, அத பாக்காம என்னால இருக்க முடியாது, பாத்தா சாப்பாடு இறங்காது. 2019ல மத்திய அரசு எடுத்த நேரக் கணக்கெடுப்புல சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யிறவங்கள்ல பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம் அதுக்கு செலவு பண்றாங்கன்னு வந்துச்சு. அது கொரோனாவுக்கு முன்னாடி எடுத்தது. இந்த கழுவுற வேலைய எல்லாம் அதோட சேத்தா எவ்வளவு வரும்னு நீங்களே பாத்துக்கோங்க.

இங்க ஒண்ணு சொல்லிடுறேன். காய்கறிய சோப்பு போட்டு கழுவ வேண்டிய அவசியமே இல்ல, அது வயித்துக்கும் நல்லதில்ல, நல்ல தண்ணியே போதும்னு அப்பவே சொல்லிட்டு தான் இருந்தாங்க. பொருள தொட்டு பரவுற வாய்ப்பு ரொம்ப கம்மின்னு 2021 ஏப்ரல்ல அமெரிக்காவோட நோய்க் கட்டுப்பாட்டு மையமே சொல்லிடுச்சு. நான் ஒரு வருஷம் கை தோல் உரிஞ்சு ரத்தம் கசியிற அளவுக்கு கழுவினேன். நாளைக்கு வேற ஒரு தொற்று வந்தாலும் முதல்ல கேக்க வேண்டிய கேள்வி, இது எது வழியா பரவுது, காத்துலயா தண்ணியிலயா கொசுவுலயா. அத தெரிஞ்சுக்காம எல்லாத்தையும் கழுவிட்டு இருந்தா உடம்பு தான் தேயும்.

ஜூன்ல ஆரம்பிச்சுச்சு அசதி. வேலை செஞ்ச அசதி எனக்கு தெரியும், படுத்து எந்திரிச்சா போய்டும். இது அப்படி இல்ல. காலைல கண்ணு முழிக்கும்போதே கை கால் எல்லாம் யாரோ ஈரத்துணிய முறுக்கிப் போட்ட மாதிரி கெடக்கும். ரெண்டாவது மாடியில துணி காயப்போட போனா நடுவுல ரெண்டு தடவை சுவர பிடிச்சுட்டு நிப்பேன். நெஞ்சு படபடன்னு அடிக்கும், மூச்சு பத்தாத மாதிரி இருக்கும். அந்த சமயத்துல மூச்சு வாங்குதுன்னா மனசு எங்க போகும்? ஆக்சிமீட்டர் வாங்கினேன், ஒண்ணு சரியில்லையோன்னு இன்னொண்ணு, ரெண்டும் சேத்து 2,800 ரூபா. ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை விரல மாட்டிப் பாப்பேன். 98 காட்டும். 97. திரும்ப 98. அஞ்சு நிமிஷம் நிம்மதி, மறுபடியும் மூச்சு வாங்கும், மறுபடியும் விரல்.

இன்னொரு விஷயம், அப்ப எனக்கு இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கும்னே தோணல. இட்லிக்கு ஊற வச்சிருக்கிற அரிசிய போற போக்குல ஒரு பிடி அள்ளி வாயில போட்டு மெல்லுவேன். அந்த நெறநெறன்னு கடிக்கிற சுகம் இருக்கே, வேற எந்த சாப்பாட்டுலயும் கிடைக்காது. ஒரு கட்டத்துல ஊற வைக்கறதே அதுக்குத்தான்னு ஆச்சு. மாமியார் ஒரு நாள் பாத்துட்டு, "ஏம்மா சின்னப்புள்ள மாதிரி பச்சரிசிய தின்னுட்டு இருக்க, வயிறு என்னத்துக்கு ஆகும்"னு திட்டினாங்க. அதுக்கப்புறம் அவங்களுக்கு தெரியாம சாப்பிட்டேன். மாதவிடாயும் கண்டபடி ஆச்சு, ஒன்பது நாள் பத்து நாள் போகும், கட்டி கட்டியா. டென்ஷன்ல இப்படி ஆகும்னு யாரோ சொன்னாங்க, சரின்னு விட்டுட்டேன். ஆஸ்பத்திரி பக்கம் போனா தான் கொரோனா ஒட்டிக்கும்ங்கறது அப்ப எல்லார் வீட்டுலயும் இருந்த நினைப்பு.

ஜூலை முதல் வாரம். ராத்திரி பதினோரு மணி இருக்கும், பாத்திரம் எல்லாம் தேச்சு முடிச்சுட்டு வந்து கைய தொடச்சுட்டு ஆக்சிமீட்டர மாட்டினேன். 91. திரும்ப மாட்டினேன், 89. எனக்கு கண்ணு இருட்டிடுச்சு. இவர எழுப்பி, "என்னங்க, எனக்கு வந்துடுச்சுங்க, பையன அத்தைகிட்ட படுக்க வைங்க, என் பக்கத்துல வராதீங்க"ன்னு அழுதேன். ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு போனோம், அட்வான்ஸ் 30,000 கட்டின பிறகு தான் உள்ள விட்டாங்க. சந்தேக கேஸ் வார்டுல தனி ரூம். இவர் வாசலோட சரி. ரெண்டு ராத்திரி அந்த ரூம்ல நான் மட்டும். கவச உடுப்பு போட்டுட்டு யார் வர்றாங்கன்னே தெரியாது, கண்ணு மட்டும் தான் தெரியும். அன்னைக்கு எனக்கு மூணாவது நாள், கொண்டு போன நாப்கின் தீந்து போச்சு, வந்தவர் ஆம்பளைங்கறதால கேக்க கூச்சப்பட்டு துப்பட்டாவ கிழிச்சு வச்சுட்டு படுத்திருந்தேன். இத நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. அந்த ராத்திரிய நெனச்சா இப்பவும் கண்ணு கலங்கும்.

டெஸ்ட் நெகட்டிவ். சிடி ஸ்கேன்ல நுரையீரல் சுத்தமா இருக்குன்னு சொன்னாங்க. ஆக்சிஜன் அவங்க மிஷின்ல 99. மொத்தம் 46,300 ரூபா பில். "ஆங்சைட்டி, மனப்பதட்டம் தாம்மா, நல்லா தூங்குங்க"ன்னு ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிட்டாங்க. பாத்திரம் தேச்ச ஜில்லுனு இருக்கிற கையில ஆக்சிமீட்டர் சரியா காட்டாதுன்னு எனக்கு யாரும் அப்ப சொல்லல. விரல் சூடா இருக்கணும், நெயில் பாலிஷ் இருக்கக்கூடாது, உக்காந்து கைய அசைக்காம ஒரு நிமிஷம் விட்டு, நம்பர் நிலைச்சு நின்ன பிறகு பாக்கணும். குறைவா காட்டினா கைய தேச்சு சூடாக்கி வேற விரல்ல பாக்கணும். அப்பவும் 94க்கு கீழயே நின்னா, இல்ல நெஞ்சு வலி, மயக்கம், பேசும்போதே மூச்சு திணறுதுன்னா யோசிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும், அதுல மாத்துக் கருத்தே இல்ல.

அதுக்கப்புறம் தான் நெலமை இன்னும் மோசமாச்சு. பரிசோதனை எல்லாம் பண்ணி ஒண்ணும் இல்லைன்னு ஆச்சு, அப்ப இது மனசுல தான் இருக்குன்னு வீட்டுல முடிவு பண்ணிட்டாங்க, நானும் நம்பிட்டேன். மூச்சு வாங்குதுன்னு சொன்னா இவர் டிவிய பாத்துக்கிட்டே "மறுபடியுமா"ன்னு கேப்பார். அந்த ஒத்த வார்த்தைக்கு பயந்தே சொல்றத நிறுத்திட்டேன். எதிர்ப்பு சக்திக்குன்னு பவுடர், லேகியம், வைட்டமின் சி, ஜிங்க்னு ஒரு 9,000 ரூபா போச்சு. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்குற முழு உடம்பு பேக்கேஜ் ஒண்ணு 3,800 கட்டி, ஆள் வீட்டுக்குள்ள வந்தா கொரோனா வந்துடுமேன்னு பயந்து கடைசி நேரத்துல வேணாம்னுட்டேன், பணமும் திரும்ப வரல. வேலையில தப்பு மேல தப்பு, ஒரு வரி கணக்க மூணு தடவை கூட்டினாலும் மூணு விடை வரும். தீபாவளிக்கு அப்புறம் ஆபீசுக்கு நேர்ல வரச்சொன்னாங்க. பஸ்ஸ நெனச்சாலே கை நடுங்குச்சு. டிசம்பர்ல 26,000 ரூபா சம்பள வேலைய எழுதிக்கொடுத்துட்டேன். பதிமூணு மாசம் வேலை இல்லாம இருந்தேன், அதையும் சேத்தா மொத்தம் கிட்டத்தட்ட நாலு லட்சம். பையனோட ஸ்கூல் ஃபீசுக்கு வளையல வச்சோம்.

2021 மார்ச்ல அறுபது வயசு தாண்டினவங்களுக்கு தடுப்பூசி ஆரம்பிச்சாங்க. மாமியார கூட்டிட்டு மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு போனேன். ஊசி போட்டுட்டு அரை மணி நேரம் உக்கார வைப்பாங்கல்ல, அங்க இருந்த ஒரு நர்ஸம்மா மாமியார விட்டுட்டு என்னையே பாத்துட்டு இருந்தாங்க. பக்கத்துல வந்து, மாஸ்க்குக்கு மேல என் கீழ் இமைய ஒரு விரலால இழுத்துப் பாத்தாங்க. "என்னம்மா இது, காகிதம் மாதிரி வெளுத்து இருக்கு, ரத்தமே இல்லையே உனக்கு"ன்னாங்க. அப்படியே டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனாங்க. அந்த டாக்டரம்மா கேட்ட மூணாவது கேள்வி, "பச்சரிசி, ஐஸ்கட்டி, சாம்பல், சாக்பீஸ், இந்த மாதிரி எதையாச்சும் தின்னத் தோணுதா?" நான் அங்கயே அழுதுட்டேன். ஒரு வருஷத்துல முதல் தடவை ஒருத்தங்க என்னை பாத்து சரியான கேள்வி கேட்டாங்க. காசு இல்லாம அங்கயே டெஸ்ட் எடுத்தாங்க. ரத்தத்துல ஆக்சிஜன சுமந்துட்டு போற ஹீமோகுளோபின் 7.4. கர்ப்பமா இல்லாத பெண்களுக்கு 12க்கு கீழ போனாலே ரத்தசோகை. 8க்கு கீழன்னா கடுமையானது. இரும்புச்சத்து குறைஞ்சா இப்படி பச்சரிசி தின்னத் தோணுமாம்.

அவங்க சொன்னது தான் எனக்கு எல்லாத்தையும் புரிய வச்சுச்சு. ஆக்சிமீட்டர், இருக்கிற ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவு ஏறியிருக்குன்னு தான் காட்டும், ரத்தம் எவ்வளவு இருக்குன்னு காட்டாது. பத்து பஸ் ஓட வேண்டிய ரூட்டுல ஆறு பஸ் தான் ஓடுது, ஆனா ஆறும் ஃபுல்லா ஓடுது, அதனால மிஷின் 98 காட்டுது. பத்தாத ரத்தத்த வச்சு உடம்பு முழுக்க சப்ளை பண்ணணும்னா இதயம் வேகமா அடிக்கும், மூச்சு வாங்கும். அத நான் கொரோனான்னு நெனச்சு பயந்தேன், பயந்தா இன்னும் வேகமா அடிக்கும், தூக்கம் போகும், சாப்பாடு போகும், சாப்பாடு போனா ரத்தம் இன்னும் குறையும். ஒண்ணு இன்னொண்ண வளத்துட்டே இருந்திருக்கு. வீட்டுக்கு வந்து அந்த தனியார் ஆஸ்பத்திரி ஃபைல தேடி எடுத்தேன். நாலாவது பக்கம், ரத்தப் பரிசோதனை, முதல் வரி, ஹீமோகுளோபின் 8.1, பக்கத்துல குறைவுன்னு குறி. எட்டு மாசமா பீரோவுல என் புடவைக்கு அடியில தூங்கிட்டு இருந்துச்சு அந்த தாள். 46,300 ரூபா வாங்கினவங்க அந்த ஒரு வரிய என்கிட்ட வாய் விட்டு சொல்லல. அந்தக் கோவம் எனக்கு இன்னும் ஆறல. அதனால தயவுசெஞ்சு, எந்த ரிப்போர்ட் வந்தாலும் கொரோனா நெகட்டிவ் பாசிட்டிவ்னு மட்டும் பாத்துட்டு மடிச்சு வைக்காதீங்க. ஒவ்வொரு வரியா விரல வச்சு பாருங்க, குறி போட்டிருக்கிற வரிய காட்டி "இது ஏன்"னு கேளுங்க.

மாதவிடாய் ஏன் அவ்வளவு போகுதுன்னு பாக்க எடுத்த ஸ்கேன்ல, கர்ப்பப்பையில நாலு சென்டிமீட்டர்ல ஒரு ஃபைப்ராய்டு கட்டி, புற்றுநோய் இல்லாத சதைக்கட்டி. ரத்தம் அவ்வளவு போய் குறைஞ்சது அதனால தான். ஒரு தனியார் கிளினிக்ல கர்ப்பப்பையவே எடுத்துடலாம்னு சட்டுனு சொன்னாங்க. அரசு ஆஸ்பத்திரி மகப்பேறு டாக்டர் அதெல்லாம் இப்ப தேவையில்லைன்னு மாதவிடாய் நாள்ல மட்டும் போட்டுக்க மாத்திரை கொடுத்தாங்க, இரும்புச்சத்து ஊசிய டிரிப்ஸ்ல ஒரு நாள் விட்டு ஒரு நாள் அஞ்சு தடவை ஏத்தினாங்க. பெரிய ஆபரேஷன் யார் சொன்னாலும் இன்னொரு டாக்டர்கிட்ட கேக்காம தலையாட்டாதீங்க. அப்புறம் மாத்திரை. இரும்புச்சத்து மாத்திரைய காபி டீ பாலோட போடக்கூடாது, ஒரு மணி நேரமாச்சும் இடைவெளி வேணும், எலுமிச்சை ஜூஸ் மாதிரி புளிப்போட போட்டா நல்லா சேரும். கால்சியம் மாத்திரை சாப்பிடுறவங்க வேற நேரத்துல போடணும், தைராய்டு மாத்திரைக்கும் இதுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி விடணும். மலம் கறுப்பா போகும், பயப்படாதீங்க. மலச்சிக்கல் வந்தா டாக்டர்கிட்ட சொல்லி மாத்திக்கோங்க, நீங்களா நிறுத்தாதீங்க. நம்பர் சரியானதும் பலபேர் விட்டுடுறாங்க, அதுக்கப்புறமும் மூணு மாசம் போட்டாத்தான் உடம்புல இரும்புச்சத்து சேமிப்பு நிறையும்னு எனக்கு சொன்னாங்க. ரெண்டு மாசத்துல எனக்கு 10.2 வந்துச்சு. அரிசி தின்னுற ஆசை அதுக்கு முன்னாடியே, மூணாவது வாரத்துலயே போச்சு. ஒரு நாள் இட்லிக்கு அரிசி களையும்போது தான் கவனிச்சேன், கை வாய்க்கு போகல.

மாதவிடாய் ஏழு நாளுக்கு மேல போகுது, ஒரு மணி ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாத்த வேண்டி வருது, பெரிய கட்டியா போகுதுன்னா அது டென்ஷன்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க, போய் காட்டுங்க. டென்ஷன்ல நாள் தள்ளிப்போகும், முன்ன பின்ன வரும், அதுவும் உண்மை தான். ஆனா அத காட்டாமலே முடிவு பண்ணக்கூடாது. 2019லேர்ந்து 2021 வரைக்கும் எடுத்த தேசிய குடும்ப நல கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல 15லேர்ந்து 49 வயசு வரைக்கும் இருக்கிற பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு இருக்கு. ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு மேல. அவங்க எல்லாருக்கும் சோம்பல்னோ பயம்னோ வயசாச்சுன்னோ ஒரு பேரு வச்சிருப்போம்.

ஆனா ரத்தம் ஏறினதும் எல்லாம் சரியாப்போச்சுன்னு சொன்னா அது பொய். மே மாசம் ரெண்டாவது அலை வந்தப்போ அந்த ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டு பழைய பயம் முழுசா திரும்பி வந்துச்சு. உடம்புல தெம்பு இருந்தும் ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு. அப்ப தான் அரசு மருத்துவ உதவி எண் 104க்கு போன் பண்ணேன், அங்க மனநல ஆலோசனையும் தருவாங்கன்னு அந்த நர்ஸம்மா சொல்லியிருந்தாங்க. இப்ப அதுக்குன்னே 14416 இருக்கு, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். பேசின அம்மா என்கிட்ட, உங்களுக்கு எது எதுக்கு பயம்னு ஒவ்வொண்ணா எழுதுங்கன்னாங்க. காலண்டர் தாள் பின்னாடி எழுதினேன். செத்துப்போறது நாலாவதா தான் வந்துச்சு. முதல்ல வந்தது, நான் படுத்துட்டா வீடு என்ன ஆகும். ரெண்டாவது, என்னால தான் வந்துச்சுன்னு சொல்லுவாங்க. மூணாவது, அந்த தனி ரூம். அவங்க சொன்னாங்க, முதல் ரெண்டுக்கும் மருந்து உங்ககிட்ட இல்லம்மா, உங்க வீட்டுல இருக்கு, அந்த தாள உங்க வீட்டுக்காரர்கிட்ட கொடுங்க.

கொடுத்தேன். அவர் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. "நீ செய்யிற வேலை கண்ணுக்கு தெரியல எனக்கு"ன்னார். சட்டுனு எல்லாம் மாறிடல, நெறைய சண்டை போட்டு தான் மாறுச்சு. ராத்திரி பாத்திரம் அவர், துணி காயப்போடுறது பையன், மாமியாரோட மாத்திரை கணக்கு மாமியாரே. உதவி பண்ணுங்கன்னு பொதுவா கேட்டா நடக்காது, இந்த வேலை உங்களோடதுன்னு பேர் போட்டு கொடுக்கணும், அப்புறம் அவங்க செய்யிற லட்சணத்த பின்னாடி நின்னு திருத்தக்கூடாது, அது எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. செய்திய காலைல ஒரு தடவை மட்டும் பாக்குறதுன்னு வச்சுக்கிட்டேன். ஆக்சிமீட்டர மாமியார் பீரோவுல வச்சு பூட்டிட்டாங்க, காய்ச்சல் வந்தா மட்டும் எடுக்கிறதுன்னு பேச்சு. ஜூன்ல இவருக்கே பாசிட்டிவ் வந்து பதினாலு நாள் ரூம்ல இருந்தார், தட்ட வாசல்ல வச்சுட்டு வருவேன், பயந்தேன் தான், ஆனா தூங்கினேன், படி ஏறினேன், கீழ் வீட்டு அக்காகிட்ட பால் வாங்கித்தர முடியுமான்னு வாய் விட்டு கேட்டேன்.

2022 பிப்ரவரியில வேற வேலைக்கு போனேன், பழைய சம்பளத்த விட 6,000 கம்மி. வளையல் ஒண்ணு தான் மீட்டிருக்கோம். இப்ப ஹீமோகுளோபின் 12.3, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பாத்துக்குறேன், அதுக்கு பெரிய பேக்கேஜ் எல்லாம் வேணாம், சிபிசின்னு ரத்த அணுக்கள எண்ணிப் பாக்குற ஒரே டெஸ்ட், கூட ஃபெரிட்டின்னு ஒரு டெஸ்ட் பாத்தா இரும்புச்சத்து சேமிப்பும் தெரியும். அந்த ஆபீஸ் பொண்ணு நேத்து ரிப்போர்ட்ட போட்டோ எடுத்து அனுப்பினா, 8.6. அத பாத்துட்டு, போன பொங்கலுக்கு ஊருக்கு போனப்போ எங்க அம்மா திண்ணையில உக்காந்து மூச்சு வாங்கினது ஞாபகம் வந்துச்சு. போன் பண்ணி தம்பிய விட்டு அம்மாவோட பழைய ஃபைல தொறக்கச் சொன்னேன். 9.1ன்னு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே எழுதியிருக்கு. "எனக்கென்னடி, வயசாச்சுல்ல"ங்கறாங்க. திங்கக்கிழமை லீவு போட்டிருக்கேன், போய் கூட்டிட்டு வரணும்.